காணாமல் போன கொளுக்கிகள்

பாய்மரக் கம்பியை இழுத்துப் பிடிக்கும் கொளுக்கியை இன்றும் காணவில்லை. கொழும்பு வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில், தானே கட்டிய படகின் முன்னால் குகதாசன் கொதித்துக்கொண்டு நின்றான்.

"மேல்வீட்டுக்காரன்ரை வேலைதான். சண்டையாலை பாதையும் பூட்டு, ரயிலும் இல்லை. நான் இதிலை யாழ்ப்பாணம் போய் அம்மாவைப் பார்க்கிறது அவனுக்குப் பொறுக்கேல்லை."

"நேவி கண்டால் சுடுவான் எண்டு அவருக்கும் தெரியுமாக்கும்," என்று சீறினாள் மனைவி நேசமலர்.

"நீயும் அவன்ரை பக்கமோ? இண்டைக்கு அவனை விடமாட்டன்."

அடுப்படிக்குள் பாய்ந்து உலக்கையை இழுத்தான். இழுத்த வேகத்தில் அரிசி வாளி கவிழ்ந்தது. அரிசியோடு நாலைந்து கொளுக்கிகளும் உருண்டன.

நேசமலர் குனிந்து அரிசியை அள்ளினாள்.

குகதாசன் உலக்கையைச் சுவரில் சாத்தினான். கொளுக்கிகளைப் பொறுக்கி, வாளிக்குள்ளேயே திரும்பப் போட்டான்.

"மேல்வீட்டுக்காரன் பொல்லாத கள்ளன், மலர்."