காட்டிக்கொடுத்தவன்

இன்றும் தோற்றால் ஜெர்மன் பேஸ்பால் லீக்கில் எக்கார்ட் பந்து எறியும் கடைசி ஆட்டம் இதுதான். எதிரணியில் மற்ற எல்லோரும் திணறினார்கள். ஒருவன் மட்டும் அவருடைய வளைபந்தை முன்பே தெரிந்தவன்போல விளாசினான்.

எந்தப் பந்தை எறியவேண்டும் என்று எக்கார்ட்டுக்குச் சைகை காட்டுபவன், பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஃபோல்க்மார். எக்கார்ட் அவனை ஓரமாக இழுத்தார்.

“சைகையை அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டியாடா?”

“லூசாடா நீ? இந்தத் தடவை சைகையே வேணாம். உன் இஷ்டத்துக்குப் போடு.”

வளைபந்து. அவன் அடித்த அடியில் அது மைதான வேலியைத் தாண்டியதும் ஆட்டம் தோல்வியில் முடிந்தது.

மைதான வாசலில், பந்தை விளாசிய அந்த எதிரணிக்காரன் எக்கார்ட்டின் காரில் ஏறி உட்கார்ந்தான்.

“யார்டா சொன்னது?”

“நீதாம்ப்பா. நம்ம தோட்டத்துல எறியும்போதே, வளைபந்துன்னா உதட்டைக் கடிப்பே.”

எக்கார்ட் வண்டியைக் கிளப்பவில்லை.

“எப்படித் தெரியுதுன்னு எங்க டீம்ல எல்லாரும் கேட்டாங்க,” என்றான் மகன். “யார்கிட்டயும் சொல்லல.”