கூடாரத்துத் தக்காளி

“நாலாவது பிள்ளையும் படுத்துடுச்சு, வந்து பாரு!”

டிரைவர் போட்ட சத்தத்தில், மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்த மனைவி, ஏலக்காயை மென்றுகொண்டே படியிறங்கி ஓடிவந்தாள்.

பிள்ளை என்றால் பெற்ற பிள்ளை இல்லை. படுக்கையறை மூலையில் ஜிப் வைத்த கறுப்புக் கூடாரம் ஒன்று நிற்கிறதே, அதற்குள் விளக்கு வெளிச்சத்திலேயே வளர்கிற தக்காளிச் செடி. இலையெல்லாம் வெளுப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, ஓரம் சுருங்கிக் கிடந்தது.

ரிட்டயர் ஆன கையோடு டிரைவருக்கு நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். “இனிமே சிகரெட்டா, உயிரா?” என்று டாக்டர் கேட்டதற்கு அவர் கொஞ்சம் யோசித்தார் என்பதுதான் கொடுமை. மனைவி யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரண், பழைய ஷூ, ஓடாத ரேடியோ என்று குடைந்து, மனுஷன் பதுக்கி வைத்திருந்த பாக்கெட்டுகளை அரைச் சாக்கு தேற்றிவிட்டாள்.

“என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. இன்னொரு தடவை தொட்டீங்கன்னா நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

சொன்னால் செய்கிறவள். கை சும்மா இருந்தால்தானே சிகரெட்டைத் தேடும் என்று கூடாரத்தை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

டிரைவருக்குத் தக்காளி இலை பட்டாலே தோல் தடித்துவிடும். முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டுதான் கூடாரத்துக்குள் கையை விடுவார். கையுறைக்கு அகப்படாத பொடிக் கொழுந்துகளை மனைவி நகத்தால் கிள்ளிவிடுவாள். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுவதும், கிழிந்த சேலையை நாடாவாக்கிக் குச்சியில் கட்டுவதும் அவள் வேலை. அவள் கையில் எதுவும் வீணாகாது. தீர்ந்த பற்பசையைக்கூட வெட்டி வழித்து நாலு நாள் ஓட்டுவாள்.

டிரைவரும் பார்க்காத வைத்தியமில்லை. விளக்கை ஒரு சாண் உயர்த்தினார், உரத்தைக் குறைத்தார், மண்ணை அலசிவிட்டார், காற்றாடியைத் திருப்பி வைத்தார். நோய் மட்டும் அடுத்த தொட்டிக்கு நடந்துகொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் நாற்று வாங்கின நர்சரிக்காரரையே வீட்டுக்கு அழைத்துவந்தார்.

நர்சரிக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

“பூச்சியில்ல, உரக்கோளாறும் இல்ல. வைரஸ்ணே. வீட்டுல யாரு சிகரெட் பிடிக்கிறது?”

மனைவியின் பார்வை டிரைவர் மேல் திரும்பியது.

“புகையிலையில சில சமயம் இது இருக்கும். அந்தத் தூள் ஒட்டின கையால செடியைத் தொட்டா வந்து ஒட்டிக்கும்.”

அவ்வளவுதான், மனைவி பிடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா? நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே! என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணின வாயா இது?”

“ஐயோ, நான் தொடலடீ! டீக்கடையில அவனுங்க ஊதுறப்போ பக்கத்துல ஒக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.”

“பக்கத்துல ஒக்காந்தாராம்! பூனை பால் பக்கத்துல சும்மா ஒக்காந்துச்சாம்!”

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வந்தது. புடவைகள் அதற்குள் விழுந்தன. டிரைவர் நின்ற இடத்திலேயே நின்றார். கூட்டாளிகள் பற்றவைக்கும்போதெல்லாம் எச்சிலை விழுங்கிக்கொண்டு பாதி டீயோடு எழுந்து வந்ததை எந்தச் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொல்வது? முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவள் ஒரு வார்த்தை நம்பவில்லையே என்று அவருக்கு ஆறவே இல்லை.

புருஷன் பெண்டாட்டி சண்டையில் மாட்டிக்கொண்ட நர்சரிக்காரர் மெல்லச் செருப்பைத் தேடினார். வாசல்வரை போனவர், தொழில் புத்தி விடாமல் திரும்பினார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நாலு செடியிலயும் கொழுந்து கிள்ளின காயத்து வழியாத்தான் ஏறியிருக்கு. இனிமே கிள்ளுறதுக்கு முன்னாடி கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க.”

“சரி தம்பி” என்று தலையாட்டிய டிரைவர், ஆணியில் தொங்கிய ரப்பர் கையுறையைப் பார்த்தார். ஆட்டிய தலை அப்படியே நின்றது.

பெட்டியில் புடவை விழுகிற சத்தமும் நின்றுபோயிருந்தது.

“கொழுந்து கிள்ளுறது யாரு?” என்று மனைவி பக்கம் திரும்பினார்.

மனைவி வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“இத்தனை நாள் துணி காயப்போடத்தான் மாடிக்குப் போனியா? உன் தலைக்கு ஏதாவது ஆயிடுமேன்னு நான் நாக்கைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். நீ என்னடான்னா... என்னையே திருடன்னு சொல்லிட்டியே!”

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வாயிலிருந்த ஏலக்காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

“அரைச் சாக்குங்க... வீணாக்குவானேன்னுதான்.”