நாலாவது சட்டை

பிள்ளை பிறந்த ஏழாம் நாள். எகிப்தின் சோஹாகில் அந்த வீட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். இன்ஷிராஹ் காலையிலிருந்து போட்ட நாலாவது சட்டையும் தாய்ப்பால் கசிந்து நனைந்துவிட்டது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏண்டி, நைல் நதி உன் வழியாத்தான் ஓடுதா?" என்றாள் ஓரகத்தி கரீமா. பெண்கள் சிரித்தார்கள்.

"முக்காட்டை முன்னால இழுத்து விடு," என்றாள் மாமியார். "மாமா வர்றார். பாத்திஹா ஓதிட்டா உன் மக, கரீமாவோட கைக்குழந்தைப் பையனுக்குன்னு நிச்சயமாயிடும்."

"இப்பத்தானே மாமி பேரே வச்சோம்?"

"உன்னை என் மகனுக்குப் பேசினப்ப உனக்கு வயசு மூணு நாள். என்ன கெட்டுப்போச்சு?"

என்ன கெட்டது என்று இன்ஷிராஹுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு எதுவும் உறைத்துப் பல வருடங்களாகிவிட்டன.

மாமனார் வந்து உட்கார்ந்து, ஓதுவதற்குக் கைகளை ஏந்தினார்.

"மாமா, இந்த வாரம் கரீமா காய்ச்சல்ல கிடந்த மூணு நாளும் அவ பையனுக்கு நான்தான் பால் கொடுத்தேன்," என்றாள் இன்ஷிராஹ்.

"ஆட்டுப்பால்னுதானேடி சொன்னே!" கரீமா அலறினாள்.

"என் பால்தான். ரெண்டு பிள்ளைக்கு ஊறினது, உன் பையன் நிறுத்தினதும் இப்படி வழியுது."

"எத்தனை தடவை?" மாமனாரின் குரல் இறங்கியது.

"அஞ்சு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ணலை."

மாமனார் கைகளைக் கீழே போட்டார். "போச்சு. அஞ்சு தடவை ஆனாலே, ஒரே தாய்ப்பால் குடிச்சதுங்க மார்க்கத்துல அண்ணன் தங்கச்சி. கல்யாணம் கூடாது."

"கூடாதுதான் மாமா." இன்ஷிராஹ் மகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். "தங்கச்சி கல்யாணத்துல அண்ணனா வந்து முன்னால நிக்கட்டும்."