அறுபத்தோராம் பக்கத்துக்குப் பிறகு

நானும் என் கணவர் ஸ்டெபினும் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போவதாக இருந்தோம். மொழி பழக ஒரு ஜெர்மன் நாவல் வாங்கினோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் நான் வாசிப்பேன். தெரியாத சொல்லுக்குப் பென்சிலால் கோடு போடுவேன். சாயங்காலம் அவர் அதன் மேலே தமிழில் பொருள் எழுதி வைப்பார்.

அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தபோது அவர் பைக் விபத்தில் இறந்துபோனார்.

நாற்பது நாள் கழித்து பஸ்ஸில் மறுபடி வாசித்தேன். ஏழு சொற்களுக்குக் கோடு போட்டேன். மறுநாள் காலையில் ஏழுக்கும் பொருள் இருந்தது, அவருடைய சாய்ந்த கையெழுத்தில்.

அவர் அம்மாவிடம் காட்டினேன்.

"முன்னாடியே எழுதி வச்சிருப்பாம்மா. ஒன்னக் கூட்டிட்டுப் போக அம்புட்டு ஆசை அவனுக்கு."

கோடு நேற்றுதான் போட்டேன் என்று அத்தையிடம் நான் சொல்லவில்லை.

இருநூறு பக்கம் தாண்டியதும் தெரியாத சொற்கள் குறைந்துவிட்டன. பக்கத்துக்கு மூன்று, பிறகு ஒன்று. நேற்று ஒன்றுகூட இல்லை. பஸ் நிற்கும்வரை தேடினேன். கடைசியில் 'வீடு' என்பதற்கான ஜெர்மன் சொல்லுக்குக் கோடு போட்டேன். ஜெர்மன் வகுப்பில் முதல் நாள் இருவரும் சேர்ந்து படித்த சொல் அது.

இன்று காலை அதன் மேலே எழுதியிருந்தது:

"ஏட்டி, இது ஒனக்குத் தெரியும்லா."