ஆறாவது பர்கர்

கிளார்க் என்ற வெளிநாட்டு இளைஞன் தன் நாட்டுக்குத் திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது. மதுரையில் இரண்டு ஆண்டுகளாக ஒரு நல்ல பர்கர் தேடி அலுத்துப்போனவனுக்குத் தானே செய்து தருவதாகப் பரோட்டா மாஸ்டர் காசிமாயன் வாக்குக் கொடுத்திருந்தார். கடந்த ஐந்து ஞாயிறுகளும் மாஸ்டர் செய்து தந்ததைத் தின்றுவிட்டு அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். “நல்லாருக்கு மாஸ்டர். ஆனா அது இல்ல.” ஒருமுறை கறியில் சோம்பு, இன்னொருமுறை பன்னில் இனிப்பு. இன்று எல்லாம் கூடிவந்திருந்தது. உருளைக்கிழங்கு வறுவலில்கூட உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பர்கரை அடுக்கி இலையில் வைத்த மாஸ்டர், இருபது வருடப் பழக்கத்தில், பரோட்டாவைத் தட்டுவதுபோல் அதை இரு கைகளுக்கும் நடுவே ஓங்கித் தட்டிவிட்டார். பன் உடைந்து கறி பிதுங்கியது.

“அப்படியே சால்னாவ ஊத்திருங்க மாஸ்டர்” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

கிளார்க் சிதறியதை விரல்களால் கூட்டி அள்ளி, மிச்சமில்லாமல் தின்றான். “இன்னொண்ணு குடுங்க மாஸ்டர்.”

அது ருசியா, இரக்கமா என்று மாஸ்டர் அவன் முகத்தில் தேடினார். தெரியவில்லை. அடுத்ததை அடுக்கி இலையில் வைத்தார்.

“தட்டவா, வேணாமா?”

கிளார்க் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டரின் கைகள் பர்கரின் இருபுறமும் விரிந்தபடி நின்றன.