காலி ஷெட்டில் ஆயுத பூஜை

மைசூரில் அன்று ஆயுத பூஜை. லிங்கராஜு காலி ஷெட்டுக்குள் போய், சக்கரங்கள் நின்ற இடம் பார்த்து நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார். முப்பது வருஷம் ஓட்டிய ஃபியட்டை ஏப்ரலில்தான் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். அது நசுங்கித் தகடானதைக் கண்ணால் பார்த்தவர்.

"இல்லாத வண்டிக்குப் பூஜையாங்க? முத்திப்போச்சு உங்களுக்கு!" என்று ஷெட் வாசலில் நின்று சிரித்தாள் மனைவி ரத்னம்மா.

"மனசு கேக்கல ரத்னா. வா, முன்சீட்டுல உக்காரு. ஒரு ரவுண்டு போலாம்."

வீட்டுக்குள் போய்க் கற்பூரம் எடுத்துவந்தார். நான்கு பழங்களும் நசுங்கிக் கிடந்தன. ஈரமான சக்கரத்தடம் பூட்டிய கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது.

பூஜை போட்ட வண்டியில் ரத்னம்மா செருப்போடு ஏறமாட்டாள்.

இடதுபக்கக் கதவு இருந்திருக்கவேண்டிய இடத்தில் அவள் செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன.