பின்னால் வந்த காலடி

கடலூரில் பஸ் ஏறியதிலிருந்தே அந்த ஆள் சரண்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரத்தில் அவள் இறங்கியதும் அவரும் இறங்கினார். அவள் நடையை எட்டிப் போட்டால் அவரும் எட்டிப் போட்டார். செயற்கைக் கால் செய்யும் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தவள், பயத்தில் மாடிப்படியை ஓடியே ஏறினாள்.

"சார், இந்த ஆளு கடலூர்லேர்ந்து என் பின்னாடியே வர்றாரு!"

முதலாளி சிரித்தார். "அவர் நடையில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதாம்மா?"

"இல்ல சார். என்னைவிட வேகமா நடக்குறாரு."

வந்தவர் வேட்டியை முழங்கால்வரை தூக்கினார். இடது கால் செயற்கை.

"நீ படிச்ச பயிற்சி சென்டர்ல, என்னைப் பாக்காம, என் கால் அச்சை மட்டும் வச்சு நீ செஞ்ச காலும்மா இது. சாரு உன் விண்ணப்பத்துல இருந்த போட்டோவ காட்டி, என்னையும் இன்னைக்கு வரச் சொன்னாரு. நீதானான்னு பஸ்ல கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"செஞ்ச உனக்கே தெரியலையே," என்றார் முதலாளி. "நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா."